சிறப்புக் குழந்தைகள் நம்ம க்ளாஸ்ல: டீச்சருக்கு யார் துணை?

தொடக்கப்பள்ளி_வாத்தியார்:
தொடக்கப்பள்ளில 10 மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், மேல் வகுப்புன்னா 15க்கு ஒருத்தர்னு, சுப்ரீம் கோர்ட் 2021ல தீர்ப்பு சொன்னதுக்கப்புறம் 2022லயே மத்திய அரசு அறிவிச்சிருச்சு. இங்க நிலைமை என்ன? வட்டார வள மையத்துல இருந்து வர்ற சிறப்புப் பயிற்றுநர் மேடம் ஊர் ஊரா அலையுறாங்க, வாரத்துல ஒருநாள் வந்தாலே பெருசு. ரெண்டு வகுப்பை ஒண்ணா உக்கார வச்சு எண்ணும் எழுத்தும் திட்டத்துல அடிப்படை வாசிப்பும் கணக்கும் நடத்துற நான் ஆட்டிசம் பையனுக்குன்னு எப்படி நேரம் ஒதுக்குவேன்? அந்தப் பிள்ளைங்களுக்கு சிறப்புப் பள்ளிதான் நல்லது, மனசாரத்தான் சொல்றேன்.

கீதா_அம்மா:
சார், பக்கத்து ஸ்கூலா சிறப்புப் பள்ளியான்னு தேர்ந்தெடுக்கிற உரிமைய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 31வது பிரிவு பிள்ளை கைல குடுத்திருக்கு, டீச்சர் கைல இல்ல. என் பொண்ணுக்கு டிஸ்லெக்சியா, எழுத்துக் கூட்டி வாசிக்கிறதுதான் கஷ்டம். வாசிக்கலைன்னு ஒரு வருஷம் பூரா நிக்க வச்சாங்க, அடுத்து வந்த மிஸ் அதே கேள்விய வாயால கேட்டாங்க, கடகடன்னு பதில் சொன்னா.

சிறப்புப்பயிற்றுநர்:
நான் சார் சொல்ற அந்த அலையுற ஆள்தான், தொகுப்பூதியத்துல. பி.எட் ரெண்டு வருஷமானப்போ உள்ளடக்கிய கல்விக்கு, அதாவது இந்தப் பிள்ளைங்களையும் எல்லாரோடவும் சேர்த்துப் படிக்க வைக்கிறதுக்கு, ஒரு பேப்பர் வச்சாங்க, பரீட்சைக்கு சட்டம் சொல்ற 21 வகை குறைபாட்டையும் மனப்பாடம் பண்றதோட சரி, ஒரு பிள்ளையோடவும் உக்காந்து பழகாமலே வேலைக்கு வந்துடறாங்க. நான் பிள்ளைய தனியா கூட்டிட்டுப் போய் சொல்லிக் குடுத்தா டீச்சர் எதையும் பாக்கறதில்ல, நான் கிளம்புனதும் பழைய கதைதான். ஒரு ஸ்கூல்ல டீச்சரும் நானும் சேர்ந்தே க்ளாஸ் எடுத்தோம், அடுத்து கணக்கு, அடுத்து சாப்பாடுன்னு படமா ஒட்டி வச்சோம், பெல் அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு கத்துற பையன் படத்தப் பாத்து தானே தட்டை எடுக்க ஆரம்பிச்சான். இப்போ புதுசா வர்ற பிள்ளைங்களுக்கும் அந்த டீச்சரே செய்றாங்க.

தொடக்கப்பள்ளி_வாத்தியார்:
அதத்தான் மேடம் நானும் கேக்குறேன், நீங்க பக்கத்துல இருந்தா நானும் செய்வேன்! ஆன்லைன்ல நிஷ்தான்னு மத்திய அரசு ஆசிரியர் பயிற்சி வீடியோவ ஓட்டி சான்றிதழ் வாங்குறதெல்லாம் பயிற்சியா? ஆள் போடாம பொறுப்ப மட்டும் எங்க தலைல கட்டுறத ஒத்துக்க மாட்டேன்.

கீதா_அம்மா:
ஆள் போடணும், மறுக்கல. அதுவரைக்கும் பிள்ளைக்கு வயசு நிக்காதே சார். முன் பெஞ்ச்ல உக்கார வைக்கவும் கேள்விய வாயால கேக்கவும் எந்த ஆர்டரும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுல தீர்மானம் போட்டு போஸ்டிங் கேளுங்க, பெத்தவங்க நாங்க கையெழுத்துப் போடுறோம்.