தொப்பி எங்கே என்று மாமா கேட்டார்

ஸ்பீக்கர் வாங்க முதல் தடவை தனியாகப் போனேன். கிட்டத்தட்ட அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பேன், ஏடிஎம் கார்டு வீட்டில் கிடந்தது.

சென்னையில் ஒரு கடை, பெயர் வேண்டாம். ஏசி அறை, தரை முழுக்கக் கம்பளம், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. இரண்டு ஜோடி டவர் ஸ்பீக்கர். ஒன்று நாலு லட்சம், மற்றது இரண்டே முக்கால். கடைக்காரத் தம்பி ஒரு ஆங்கிலப் பாட்டைப் போட்டார். நாலு லட்சத்தில் பாடகி மூச்சிழுப்பதுகூடக் கேட்டது, பேஸ் (கீழ் ஸ்தாயிச் சத்தம்) வயிற்றில் இடித்தது. மற்றதற்கு மாற்றினால் தூங்கி வழிகிற மாதிரி இருந்தது. முடிவு பண்ணிவிட்டேன்.

நான் கவனிக்காத ஒன்று, தம்பி வால்யூம் குமிழைத் தொடவே இல்லை. நாலு லட்சத்தின் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 91 டெசிபல், மற்றதற்கு 86. அதே குமிழ் நிலையில் ஐந்து டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். ஒரு டெசிபல் கூடினாலே காது 'சத்தம் கூடிப்போச்சு' என்று சொல்லாது, 'தெளிவா இருக்கு' என்றுதான் சொல்லும். இது வீட்டுக்கு வந்து ஸ்பெக் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முப்பது வருஷம் சபாக்களில் மிருதங்கம் வாசித்தவர். ஸ்பீக்கர் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. பென் டிரைவில் ஒரு கச்சேரிப் பதிவின் தனி ஆவர்த்தனம் (மிருதங்கம் தனியே வாசிக்கும் பகுதி) மட்டும் எடுத்துப் போயிருந்தேன். இந்தத் தடவை போனில் சத்தமானி ஆப்பை வைத்து இரண்டு ஜோடியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். தம்பி முகம் கொஞ்சம் சுருங்கியது.

நாலு லட்சம் ஓடி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மாப்ள, வலந்தலை சரி. தொப்பி எங்க? இவர் கும்கி குடுக்கிறாரா இல்லியா?"

வலந்தலை என்பது மிருதங்கத்தின் வலது தலை. தொப்பி இடது தலை, அதில் ரவைப் பசை அப்பியிருக்கும். அந்த இடது தலையில் மணிக்கட்டை அழுத்தி நகர்த்தும்போது நாதம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறுமே, அதுதான் கும்கி. அந்த ஸ்பீக்கரில் ஏற்றமே இல்லை. எந்த அடி விழுந்தாலும் ஒரே 'டும்'. போன வாரம் என் வயிற்றில் இடித்தது அந்த ஒற்றைச் சுரம்தான். மற்ற ஜோடிக்கு மாற்றியதும் மாமா தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் பேச்சே இல்லை.

சர் சி.வி. ராமன் 1920-லேயே நேச்சர் அறிவியல் இதழில் இன்னொருவரோடு சேர்ந்து மிருதங்க நாதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சாதாரண டிரம்மில் அடிச்சுரத்தோடு கூடவே எழும் மேற்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாது. நம் மிருதங்கத்திலும் தபலாவிலும் தோல் நடுவே கனமேற்றியிருப்பதால் அவை தந்தியில் வருவதுபோல் வரிசையாக அமைகின்றன. மிருதங்கம் சுருதியோடு சேர்வது அதனால்தான். ஸ்பீக்கருக்கும் நல்ல பரீட்சை இது. மேல் சத்தத்துக்கான ட்வீட்டரும் கீழ்ச் சத்தத்துக்கான வூஃபரும் கைமாற்றிக்கொள்ளும் இடம் சரியில்லையென்றால், வலந்தலையில் சாப்பு என்கிற அடியைக் கொடுத்ததும் அடி ஒரு பக்கம், நாதம் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

இரண்டே முக்காலை வாங்கினேன். கதை முடியவில்லை.

வீட்டில் போட்டால் அதே 'டும்'! ஒரு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஹால் 16 அடி நீளம், 12 அடி அகலம். சோபா பின்சுவரில் ஒட்டி இருந்தது. 16 அடிக்கு 35 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 70-லும் ஒலி அலை சுவருக்குச் சுவர் நின்று ஆடும். சுவரோரம் உட்கார்ந்தவனுக்கு இரண்டும் மொத்தமாக வந்து சேரும். வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்து ஏமாறுவதும் இங்கேதான். அவர்களில் பலர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த அறையில் கேட்கிறார்கள். அந்தச் சுவர் கொஞ்சம் அதிர்ந்து பேஸைத் தின்றுவிடும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அப்படியே திருப்பி அடிக்கும். மேல் ஸ்தாயியைத் திருப்பி அடிக்கத் தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ் வேறு.

சோபாவை நாலடி முன்னால் இழுத்தேன். நீளத்தில் கால் பங்கு, 70 ஹெர்ட்ஸ் அடங்கும் இடம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளினேன். தரையில் பவானி ஜமக்காளம். ஹால் நடுவில் சோபா கிடப்பதைப் பார்த்து வீட்டம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

கோவையிலிருந்து ஒரு மறுமொழி

அண்ணா, மிருதங்கம் தெரியாதவர்கள் என்ன செய்வது? நான் அம்மாவை வைத்துச் சோதிக்கிறேன்.

இந்தப் பித்து எனக்குப் பிடித்தது அப்பாவின் நண்பர் வீட்டில். லண்டனிலிருந்து ஒரு ஜோடி எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் கொண்டுவந்திருந்தார். 1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைக்க வடிவமைத்தது. செருப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அதில் யாரோ பேசினால் அறைக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். பிபிசிக்காரர்களும் ஆள் பேசுவதையும் ஸ்பீக்கர் பேசுவதையும் மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் சோதித்தார்களாம்.

அதையே நான் செய்தேன். அம்மாவை மொட்டைமாடியில் நிற்க வைத்து ரசப்பொடி பக்குவம் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டேன். அறைக்குள் பதிந்தால் அந்த அறையின் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும், மாடியில் அது இல்லை. கடைக்கு அம்மாவும் வந்தார். ஒரு விலையுயர்ந்த ஜோடியில் கேட்டுவிட்டு, "எனக்கு என்ன தொண்டை கட்டியிருக்கா?" என்றார். இன்னொன்றில் 'ச', 'ஸ' எல்லாம் ஊசி மாதிரி குத்தியது. மூன்றாவதில் ஒன்றும் சொல்லாமல், "மிளகு கூட ஒரு ஸ்பூன் போடணும், தப்பா சொல்லிட்டேன்" என்றார். அதை வாங்கினேன்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். சின்னப் பெட்டியில் உங்கள் மாமாவின் தொப்பி முழுசாக வராது.

இன்னொருவர்

கண்ணையும் கட்டிவிடுங்கள். ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994-ல் 40 பேரை வைத்து ஒரே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னாலும் கண்ணெதிரிலும் கேட்க வைத்தார்கள். கண்ணால் பார்த்ததும் மதிப்பெண் மாறிவிட்டது. பெரிசும் பகட்டுமாக இருந்தவை ஏறின, மலிவான சின்னது இறங்கியது. நான் வேட்டியைத் திரையாகக் கட்டி நண்பர்கள் மூன்று பேரோடு செய்து பார்த்தேன். நான் தேர்ந்தெடுத்தது என்னுடையதை அல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையதை. மூன்று பேர் போதாது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதலில் எழுதியவர்

கோவை அம்மாவுக்கு என் வணக்கம்!

ஒன்று விட்டுப்போயிற்று. சோபாவை நகர்த்திய பிறகு மாமா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். ஸ்பீக்கர் எப்படி என்று சொல்வார் எனக் காத்திருந்தேன்.

"தொப்பியில ரவை காஞ்சுபோச்சு. இடையில ஒரு கை தண்ணி தொட்டு வச்சிருக்கணும், விட்டுட்டார்" என்றார்.