தம்பியின் 2.4 கிலோமீட்டர் ஓட்டம்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தம்பிக்கு ஐபிபிடி, அதாவது சிங்கப்பூர் தேசிய சேவையாளர்களுக்கான உடற்தகுதித் தேர்வு, நெருங்குகிறது. புஷ்-அப், சிட்-அப் இரண்டிலும் கவலையில்லை, 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில்தான் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது. வெள்ளி இரவு நண்பர்களோடு பியர், படுக்க மூன்று மணி, விடிந்ததும் பிடோக் நீர்த்தேக்கத்தில் ஓட்டம்.

"குடிச்சா நல்லா தூக்கம் வருதுக்கா" என்கிறான். சீக்கிரம் கண் அசரும், சரி. ஆனால் பின்னிரவில் தூக்கம் கலையும், இதயத் துடிப்பும் கூடுதலாகவே இருக்கும். சிறுநீர் அதிகம் போய் உடம்பில் நீரும் குறையும். அந்த நிலையில் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடுகிறானே என்று பயமாக இருக்கிறது. தூக்கம் கெட்டால் வழக்கமான வேகமே மலையேறுவதுபோல் கனக்கும் என்றாலும் நம்ப மாட்டேன் என்கிறான்.

குடித்த மறுநாள் ஓடாமல் நடந்தால் போதுமா? இதையெல்லாம் தம்பி கோபப்படாமல் கேட்கும்படி யாராவது வீட்டில் பேசியிருக்கிறீர்களா? எப்படித் தொடங்கினீர்கள்?