தம்பி பாக்கெட்ல சிரிஞ்ச் கெடைச்சுது, புது ஊசி குடுக்குற இடத்துக்கு கூட்டிட்டு போலாமா?

வடசென்னை_அக்கா:
வணக்கம், எப்படி ஆரம்பிக்குறதுன்னே தெரியல. என் தம்பிக்கு 23 வயசு, அப்பா இல்ல, அம்மா மீன் யாவாரம். போன வாரம் துணி தொவைக்க எடுத்தப்ப அவன் பேன்ட் பாக்கெட்ல சிரிஞ்ச் இருந்துது, கைய இழுத்து பாத்தா முழங்கை மடிப்புல கருப்பு கருப்பா தழும்பு. ஒரு வருஷமா வலி மாத்திரைய கரைச்சு ஊசில ஏத்துறானாம், நாலு பசங்க ஒரே ஊசிய மாத்தி மாத்தி போட்டிருக்காங்க. மாமா ஒரு ரீஹாப், அதாவது போதைய விட வைக்குற எடம் சொல்றாரு, போன் பண்ணா ராத்திரியே ஆளுங்க வந்து தூக்கிட்டு போயிடுவாங்களாம். பக்கத்து தெரு அண்ணன் ஒருத்தர் அதெல்லாம் வேணாம்மா, ஒரு டிராப் இன் சென்டர் இருக்கு, புது ஊசி ஃப்ரீயா குடுப்பாங்க, டெஸ்ட்டும் எடுப்பாங்க, அங்க கூட்டிட்டு போன்னு சொல்றாரு. ஊசிய நாமளே கையில குடுத்தா இன்னும் ஜாஸ்தியா போட மாட்டானா? போலீஸ் வந்து நிக்குமா? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_பியர்:
தங்கச்சி, நானும் ஒரு காலத்துல ஊசி போட்டவன்தான், பிரவுன் சுகர்ல, அதாவது ஹெராயின் பொடில ஆரம்பிச்சு ஊசிக்கு போனவன், இப்ப பல வருஷமா பியர் எஜுகேட்டரா, அதாவது ஊசி போடுற பசங்களுக்கு எடுத்துச் சொல்லி உதவுற ஆளா வேலை பாக்குறேன். மொதல்ல ஒண்ணு, ராத்திரில தூக்கிட்டு போறதுக்கு ஒத்துக்காதீங்க. என்னையும் அப்படித்தான் ஒரு எடத்துக்கு கொண்டு போனாங்க, கட்டி வெச்சாங்க, அடிச்சாங்க, மூணு மாசம் கழிச்சு வெளிய வந்த அன்னிக்கே பழைய அளவுக்கு போட்டேன், மூச்சு நின்னு பொழைச்சேன். உள்ள இருக்கும்போது உடம்பு அந்த மருந்த தாங்குற பழக்கத்த விட்டுடும், ஆனா மனசு விட்டிருக்காது, அதனால வெளிய வந்த மொத சில வாரத்துலதான் நெறய பசங்க செத்துப் போறாங்க. நான் பொதைச்ச கூட்டாளிங்க பாதி பேரு அப்படித்தான்.

ஊசி குடுத்தா ஜாஸ்தி போடுவானான்னு கேட்டீங்க. அவன் போடுறது ஊசி இருக்குன்னு இல்ல தங்கச்சி, போடலன்னா காலைல எந்திரிக்கும்போதே உடம்பு முறிக்கும், மூக்கு ஒழுகும், வயித்தால போகும், அதுக்காக போடுறான். புது ஊசி இல்லன்னா கீழ கெடக்குறத எடுத்து போடுவான், அவ்ளோதான். டிஐசி-க்கு, அதான் அந்த டிராப் இன் சென்டருக்கு வந்தா பழைய ஊசிய வாங்கிட்டு புதுசு குடுப்போம், அந்த சாக்குல உக்காந்து பேசுவான், கையில சீழ் கட்டி இருந்தா டிரெஸ்ஸிங் பண்ணுவோம், ஒரு நாள் அவனே அண்ணே இத விடணும்ணு சொல்லுவான். அந்த நாள் வர்ற வரைக்கும் அவன் உயிரோட இருக்கணும், எய்ட்ஸ் இல்லாம இருக்கணும்.

ராயபுரம்_அப்பா:
மன்னிக்கணும், என்னால இத ஏத்துக்க முடியல. அரசாங்க காசுல ஊசி குடுக்குறது எனக்கு சரியா படல. என் பையனும் இதே மாத்திரைலதான் படிப்ப விட்டான். மருந்துக்கடையில சீட்டு இல்லாம விக்குறவன புடிங்க, அத விட்டுட்டு ஊசி குடுத்தா எப்படி?

நர்ஸ்_கலா:
அய்யா உங்க வலி புரியுது, சீட்டு இல்லாம விக்குறவங்கள கண்டிப்பா புடிக்கணும். ஆனா அது நடக்குற வரைக்கும் பசங்க ரத்தத்துல என்ன ஓடுதுன்னும் பாக்கணும்ல. 1986ல இந்தியாவுல மொத மொதல்ல எச்ஐவி கண்டுபுடிச்சதே நம்ம சென்னைலதான், டாக்டர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும், பாலியல் தொழில் பண்ற பெண்களோட ரத்தத்துல. அப்புறம் அவங்களுக்கு காண்டம் குடுக்கப் போனப்பவும் தப்ப வளக்குறீங்கன்னுதான் ஊரே சொல்லுச்சு, அந்த பெண்களே தெருத்தெருவா போய் குடுத்ததாலதான் தமிழ்நாட்டுல நோய் இறங்குச்சுன்னு நான் நம்புறேன். அதே வழிதான் இதுவும்.

அக்கா, இப்ப செய்ய வேண்டியது. தம்பிய ஜிஎச்-ல இருக்குற நம்பிக்கை மையத்துக்கு கூட்டிட்டு போங்க, எச்ஐவி டெஸ்ட் ஃப்ரீ. இப்ப நெகட்டிவ்னு வந்தாலும் மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ எடுக்கணும். கடைசியா மத்தவன் ஊசிய போட்டு 72 மணி நேரம் ஆகலன்னா உடனே ஓடுங்க, தடுப்பு மாத்திரை இருக்கு, 28 நாள் சாப்பிடணும். எச்ஐவி-ய விட சீக்கிரமா ஊசி வழியா பரவுறது ஹெபடைடிஸ் சி, அதாவது கல்லீரல கெடுக்குற வைரஸ், அதையும் டெஸ்ட் பண்ண சொல்லுங்க, 2018ல இருந்து அரசு திட்டத்துலயே மருந்து ஃப்ரீ, பெரும்பாலும் 12 வாரம் மாத்திரைலயே சரியாகும். அப்புறம் ஓஎஸ்டி, அதாவது நாக்குக்கு அடியில வைக்குற புப்ரெநார்ஃபின் மாத்திரை. உடம்பு முறிக்காது, ஊசி தேவைப்படாது, வேலைக்கு போலாம். இது ஒரு போதைக்கு பதிலா இன்னொரு போதைன்னு சொல்லுவாங்க, சுகருக்கு தெனமும் மாத்திரை போடுறவங்கள யாரும் அப்படி சொல்றதில்லையே.

போலீஸ் பயம் பத்தி: 2017 எச்ஐவி சட்டம், 2018 செப்டம்பர் 10ல அமலுக்கு வந்துது, அதுல பிரிவு 22 படி இந்த மாதிரி ஊசி மாத்திக் குடுக்குற திட்டம் குற்றமே ஆகாது. அவன் சம்மதம் இல்லாம டெஸ்ட் பண்ணவும் கூடாது. எங்க போறதுன்னு தெரியலன்னா 1097க்கு அடிங்க, போதை சிகிச்சைக்குன்னு 14446.

வடசென்னை_அக்கா:
ரொம்ப நன்றி, அழுதுட்டே படிச்சேன். மாமாட்ட வேணாம்னு சொல்லிட்டேன், சண்டதான். தம்பிட்ட நேத்து ராத்திரி பேசுனேன், அடிப்பேன்னு நெனச்சானாம், அடிக்கலன்னதும் அவனே டெஸ்ட்டுக்கு வரேன்னு சொன்னான். அந்த சிரிஞ்ச இன்னும் பீரோ மேல வெச்சிருக்கேன், குப்பைல போடலாமா?

பழைய_பியர்:
போடாதீங்க, குப்பை பொறுக்குறவங்க கைய குத்திடும். மூடிய திரும்ப மாட்டவும் ட்ரை பண்ணாதீங்க, அப்பதான் விரல்ல ஏறும். பினாயில் டப்பா மாதிரி கெட்டி பிளாஸ்டிக்ல ஊசி முனை கீழ இருக்க போட்டு, இறுக்கி மூடி, டிஐசி-க்கு எடுத்துட்டு வாங்க, நாங்க வாங்கிக்குவோம். இன்னொண்ணு, என்னிக்காவது அவன் கொறட்டை மாதிரி சத்தம் விட்டுட்டு, உதடு நீலமா, தட்டுனா எந்திரிக்கலன்னா தூங்குறான்னு விட்டுடாதீங்க, ஒருக்களிச்சு படுக்க வெச்சு 108 கூப்டுங்க, என்ன போட்டான்னு மறைக்காம சொல்லுங்க, அத முறிக்குற மருந்து இருக்கு. தனியா கதவ சாத்திட்டு போடாதடான்னும் அவன்ட்ட சொல்லி வைங்க. டெஸ்ட்டுக்கு போற அன்னிக்கு கூட வேணும்னா சொல்லுங்க, வாசல்ல நிக்குறேன்.