52 மீட்டர் இறக்கை ரேடாரில் எப்படித் தெரியாமல் போகிறது?

பாலக்கோடு வாத்தியார்:

பாலக்கோடு பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஒளி எதிரொளிப்புப் பாடத்தின் நடுவே ஒரு பையன் எழுந்தான். "சார், 2025 ஜூனில் ஈரானில் குண்டு போட்ட அமெரிக்க பி-2 விமானத்தின் இறக்கை 52 மீட்டராம். நம் பள்ளிக் கட்டடத்தைவிட நீளம். அது ரேடாரில் தெரியாதென்றால் எப்படி?" என்று கேட்டான். ஏதோ சிறப்பு பெயின்ட் பூசியிருப்பார்கள் என்று சமாளித்தேன். அவன் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் என் பதிலில் நம்பிக்கை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மத்தூர் மாந்தோப்பு:

பெயின்ட் எல்லாம் பிறகுதான், சார். மிக உயரத்தில் பறப்பதால் தப்பிக்கிறது. ஏவுகணை அவ்வளவு உயரம் ஏறாது.

தளி பரண்காரன்:

மாந்தோப்புத் தம்பி சொன்ன கணக்கு 1960 மே 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் 70,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தபோதே சோவியத் ஏவுகணை அதை வீழ்த்தியது. அந்தக் காலத்தில்தான் பி-52 போன்ற குண்டுவீச்சு விமானங்களைத் தரையை ஒட்டிப் பறக்கப் பழக்கினார்கள்.

நான் விமானப் படையில் 20 ஆண்டு இருந்தவன். அதில் பெரும்பகுதி, வரும் விமானத்தைத் தரையிலிருந்து சுடும் பெச்சோரா ஏவுகணைப் பிரிவில், ரேடார் திரைக்கு முன்னால். இப்போது தளிக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் ராகிக் கொல்லை வைத்திருக்கிறேன். அன்றும் இன்றும் என் வேலை காவல்தான்.

"ரேடாரில் தெரியாத விமானம்" என்று தொலைக்காட்சியில் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். அப்படி ஒன்று கிடையாது. தெரியும், ஆனால் தாமதமாகத் தெரியும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதுதான் சண்டையே.

தாழப் பறப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பூமி உருண்டை. எங்கள் ஆன்டெனா தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10,000 மீட்டர் உயரத்தில் வருகிற விமானம் சுமார் 425 கிலோமீட்டர் தொலைவிலேயே அடிவானத்துக்கு மேலே வந்துவிடும். நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் அது நம்மை அடைய 28 நிமிடம் ஆகும். டீ குடித்துவிட்டு வந்து உட்காரலாம். அதே விமானம் 60 மீட்டர் உயரத்தில் வந்தால் 45 கிலோமீட்டரில்தான் தலை காட்டும். கையில் மூன்று நிமிடம். நடுவில் ஒரு குன்று இருந்தால் அதுவும் இல்லை. தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போது போன் பேச்சு அறுந்துபோகிறதே, அதே மலை நிழல்தான்.

ஒரு பயிற்சியில் நம் ஜாகுவார் போர் விமானங்கள் இப்படித் தாழ வந்தன. திரையில் புள்ளி விழுந்தது. நான் வாயைத் திறந்து தூரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கூரைக்கு மேலே சத்தம் கேட்டது. அன்றைக்கு வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

இனி உங்கள் பையனின் கேள்வி. ரேடார் பார்ப்பது விமானத்தின் அளவை அல்ல, அது திருப்பி அனுப்பும் எதிரொலியை. கண்ணாடியை நேராகப் பிடித்து டார்ச் அடித்தால் கண் கூசும். சற்றே சாய்த்தால் வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும், கண்ணாடி எத்தனை பெரிதானாலும் சரி. பி-2-இல் நிமிர்ந்து நிற்கும் வால் கிடையாது. எஞ்சின் இறக்கைக்குள் புதைந்திருக்கிறது. காற்று போகும் வாய் மேல்பக்கம் இருக்கிறது. உள்ளே குழாய் வளைந்து போவதால் சுழலும் விசிறி வெளியே தெரியாது. விளிம்புகளையெல்லாம் ஒரு சில திசைகளுக்கு மட்டும் இணையாக வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன பெயின்டும் உண்டு, வாத்தியார் ஐயா. அலையை உறிஞ்சும் பூச்சு. ஆனால் முதல் வேலையைச் செய்வது வடிவம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. எந்த விளிம்பில் பட்ட அலை எப்படிச் சிதறும் என்ற கணக்கை 1962-இல் வெளிப்படையாக அச்சிட்டவர் பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் அறிஞர். அவர் நாட்டில் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் லாக்ஹீட் விமான நிறுவனப் பொறியாளர் ஒருவர் அதைப் படித்துக் கணினியில் ஏற்றினார். 1981-இல் ரேடாருக்கு மறையும்படி வடிவமைத்த எஃப்-117 போர் விமானம் பறந்தது.

பாலக்கோடு வாத்தியார்:

மிக்க நன்றி, ஐயா. ஒரு சந்தேகம். எதிரொலி குறைந்தால் தூரமும் அதே அளவு குறையுமா?

தளி பரண்காரன்:

குறையாது. அலை போகும்போதும் பரவுகிறது, திரும்பும்போதும் பரவுகிறது. அதனால் தூரம் எதிரொலியின் நான்காம் படிமூலத்தைப் பொறுத்தே குறையும். எதிரொலியை 16 மடங்கு குறைத்தால்தான் கண்டுபிடிக்கும் தூரம் பாதியாகும். அதற்காகத்தான் இத்தனை பாடுபடுகிறார்கள்.

தூரம் குறைவதில் என்ன லாபம்? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ராகி முற்றும் காலத்தில் ஜவளகிரிக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். பரணுக்குப் பரண் ஆள் உட்கார்ந்து டார்ச் அடிப்போம். யானை ஒன்றும் மாயமாவதில்லை. இரண்டு பரண் வெளிச்சமும் எட்டாத ஓடைப் பள்ளமாகப் பார்த்து வருகிறது. நம் கண்ணில் படும்போது கொல்லை நடுவில் நிற்கும். ஒவ்வொரு ரேடாரையும் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். சாதாரண விமானத்துக்கு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். பி-2-க்கு அதே வட்டங்கள் சுருங்கி, நடுவே சந்துகள் திறக்கும். எந்தச் சந்தில் புகுந்து எங்கே திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே வரைந்துவிடுகிறார்கள்.

அப்படியும் தனியாக அனுப்பவில்லை. ஈரானுக்குள் ஏழு பி-2 போன அன்று மொத்தம் 125-க்கும் மேற்பட்ட விமானங்கள் அந்த வேலையில் இருந்தன. வேறு சில பி-2-க்களைப் பசிபிக் பக்கம் போக்குக் காட்ட அனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஒரு வாரத்துக்கு மேலாக இஸ்ரேல் அங்கிருந்த வான் பாதுகாப்பை அடித்துக்கொண்டிருந்தது. தானாகவே மறைந்துவிடும் விமானத்துக்கு இவ்வளவு பரிவாரம் எதற்கு?

மத்தூர் மாந்தோப்பு:

அப்படியானால் இந்த வகை விமானத்தை யாராவது சுட்டு வீழ்த்தியிருக்கிறார்களா, ஐயா?

தளி பரண்காரன்:

ஒன்றை வீழ்த்தினார்கள். 1999 மார்ச் 27, செர்பியா, எஃப்-117. சுட்டது எஸ்-125. எங்கள் பெச்சோராவும் அதுதான்! செய்தி கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர்களுடைய பழைய கண்காணிப்பு ரேடாரின் அலைநீளம் சுமார் 2 மீட்டர். வால், இறக்கை நுனி போன்ற உறுப்புகளின் அளவை அலைநீளம் நெருங்கிவிட்டால் சாய்வு வெட்டு அவ்வளவாகப் பலிக்காது. விமானம் இருப்பது தெரியும், ஆனால் மங்கலாக. அதை வைத்துக் குறிபார்க்க முடியாது. குறிபார்க்க வேறு ரேடாரைப் போட வேண்டும். போட்டால் அந்த அலையையே பிடித்துக்கொண்டு எதிரியின் ஏவுகணை வரும். அந்தச் செர்பிய ஏவுகணைப் பிரிவின் தளபதி ஜோல்தான் டானி சில நொடிகள் மட்டும் போடுவார், அணைப்பார், இடம் மாற்றிவிடுவார். விமானம் பக்கத்தில் வரும்வரை பொறுத்திருந்தார். அந்த விமானங்களும் ஒரே வழியில் போய்வந்து பழகியிருந்தன. யானைகூட அந்தத் தப்பைச் செய்யாது.

ஓசூர் லேத்:

நான் சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவன். ஒன்று சேர்க்கிறேன். எஃப்-117-க்கு முன்னோடியான சோதனை விமானத்தில் ஒருநாள் ரேடார் எதிரொலி திடீரென்று கூடிவிட்டதாம். தேடிப் பார்த்தால் மூன்று திருகுகள் சரியாக முடுக்கப்படவில்லை. தலை எட்டில் ஒரு பங்கு அங்குலம்கூட வெளியே வரவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் இதைக் கேட்டால் சுவரில் எழுதி ஒட்டிவிடுவார்.

பாலக்கோடு வாத்தியார்:

இன்று வகுப்பில் கணக்குப் போட்டோம், ஐயா. எதிரொலி 10,000 மடங்கு குறைந்தால், 300 கிலோமீட்டர் பார்க்கும் ரேடார் 30 கிலோமீட்டர்தான் பார்க்கும். சரிதானா?

தளி பரண்காரன்:

சரி. ஆனால் எல்லாத் திசையிலும் அப்படி இருக்காது. முன்பக்கம் குறைவாகவும் பக்கவாட்டில் கூடுதலாகவும் இருக்கும். திரும்பும்போதும் குண்டறைக் கதவு திறக்கும்போதும் இன்னும் கூடும். அந்த 30 கிலோமீட்டரைக் கடக்க 120 நொடி. ரேடாரைப் போட்டு, குறிபார்த்து, ஏவுகணையை விட்டு, அது போய்ச் சேருவதும் அதற்குள்தான். பையனைத் திரை முன்னால் உட்கார வைத்து, நீங்கள் கடிகாரம் பாருங்கள்.