தோப்புக்கு மினி டிராக்டர்: 2008 மாடலா, 2019 மாடலா?

கோபாலபுரம் தோப்பு:
வணக்கம். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. இருபத்தைந்து அடி இடைவெளியில் வைத்த மரங்கள். நடுவில் கோகோ, போன மழைக்கு ஜாதிக்காயும் வைத்தோம். பெரிய டிராக்டரை வாடகைக்குக் கூப்பிட்டால் கோகோ கிளையை ஒடித்துவிட்டுப் போகிறார்கள். மழை பெய்து ஈரம் சரியாக இருக்கிற நாளில் எவரும் வருவதும் இல்லை. அதனால் சொந்தமாகவே ஒரு பழைய மினி டிராக்டர் வாங்கிவிடலாம் என்று இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம்.

ஒன்று கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிற 2008 மாடல் மிட்சுபிஷி சக்தி 180டி. 18.5 எச்பி, மூன்று சிலிண்டர், டூ வீல் டிரைவ், கேரளப் பதிவு. ஒன்று அறுபது (1.60 லட்சம்) கேட்கிறார். இன்னொன்று ஆனைமலையில் 2019 மாடல் மஹிந்திரா ஜீவோ 245. 24 எச்பி, ஃபோர் வீல் டிரைவ். மூன்று எழுபது சொல்கிறார். இரண்டுமே மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டரோடு சேர்த்துச் சொன்ன விலை. அப்பாவுக்குப் பழையதில் மனசு, எனக்குப் புதியதில். ஓட்டிப் பழகினவர்கள் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம் பட்டறை:
தம்பி, அப்பா சொல்வதைக் கேளுங்கள். அந்த மூன்று சிலிண்டர் எஞ்சினை நான் எத்தனையோ முறை பிரித்துப் போட்டிருக்கிறேன். அதிர்வு கிடையாது, தண்ணீர் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சூடாகாது. பொள்ளாச்சியில் ஸ்பேர் கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் கிடைப்பார். விலையில் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வருகிறது. அதில் லைனர், பிஸ்டன், கிளட்ச் பிளேட், நாலு டயர் எல்லாம் புதிதாகப் போட்டாலும் கையில் பாதிப் பணம் நிற்கும். நாலு ஏக்கருக்கு வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டிவிடப் போகிறீர்கள்? புது வண்டியென்றால் சென்சார், ஒயரிங் என்று கம்பெனி ஆளைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

வேட்டைக்காரன்புதூர்:
அண்ணா, நீங்கள் சொல்கிற சென்சார் தொல்லை இந்த வண்டியில் இல்லவே இல்லை. டிரெம் 4 என்கிற புகை விதி 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது, அதுவும் 50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு மட்டும். காமன் ரெயில் என்கிற டீசல் செலுத்தும் முறை, கம்ப்யூட்டர் எல்லாம் அந்தப் பெரிய வண்டிகளில் வந்தவை. 2019-இல் வந்த 24 எச்பி வண்டியில் சாதாரண மெக்கானிக்கல் பம்ப்தான். உங்கள் பட்டறையிலேயே பிரித்து மாட்டலாம்.

எச்பி கூடுதல் என்பதற்காக நான் புதியதைச் சொல்லவில்லை, முன் சக்கரம் இழுக்கிறதே, அதற்காகச் சொல்கிறேன். வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த தோப்பில், மட்டையும் சருகும் கிடக்கிற இடத்தில், டூ வீல் டிரைவ் ஒரே இடத்தில் நின்று சுற்றும். சுற்றச் சுற்றக் குழி விழும், அந்தக் குழியில் தென்னையின் மேல் வேர் அறுபடும். தென்னைக்கு உணவு எடுக்கிற வேரெல்லாம் மரத்தைச் சுற்றி ஆறடிக்குள் மேலாகவே இருப்பது உங்களுக்கும் தெரியும். பின்னால் கருவியைத் தூக்குகிற லிஃப்டையும் கணக்கில் வையுங்கள். பழையது தூக்குவது 500 கிலோ, ஜீவோ 750 கிலோ. பின்னால் கனமான கருவி மாட்டி வாய்க்கால் வரப்பு ஏறினால் சின்ன வண்டிக்கு மூக்கு தூக்கும். வயதானவர் ஓட்டுகிற வண்டிக்கு இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

மீனாட்சிபுரம் பட்டறை:
மூக்கு தூக்காமல் இருக்க முன்பக்கம் வெயிட் மாட்டினால் போதும். வழுக்காமல் இருக்கப் பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிக் கொள்ளலாம், செலவே இல்லாத வேலை. கேரளப் பக்கம் சேற்று உழவுக்கு கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் போட்டு இதே வண்டியை ஓட்டவில்லையா?

நீங்கள் பெருமையாகச் சொல்கிற அந்த முன் ஆக்சிலின் கதையையும் தம்பி தெரிந்துகொள்ளட்டும். ஃபோர் வீல் வண்டியில் முன் டயரும் பின் டயரும் குறிப்பிட்ட அளவுப் பொருத்தத்தில் இருக்க வேண்டும். தேய்ந்துபோன டயருக்குப் பதில் கிடைத்த அளவை மாட்டினால் பல் சக்கரத்தில் இழுபறி வந்து முன் கியர் தேயும். தார் ரோட்டில் ஃபோர் வீல் லீவரை எடுக்காமலே ஓட்டினாலும் இதே கதிதான். போன மாதம் ஒரு வண்டி வந்தது. முன் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பைச் சுற்றி மண்ணும் எண்ணெயும் கெட்டியாக ஒட்டிக்கிடந்தது. சுரண்டிப் பார்த்தால் சீல் கிழிந்து, உள்ளே சேற்றுத் தண்ணீர் போய், பேரிங் துருவேறி இருந்தது. வாங்கினவருக்கு அது தெரியவே தெரியாது. டூ வீல் வண்டியின் முன்பக்கத்தில் கிங் பின்னும் பேரிங்கும் தவிர வேறு என்ன இருக்கிறது?

முதலமடை மாந்தோப்பு:
இருவர் பேசுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு வண்டியையுமே நீங்கள் பார்க்காமல் பேசுகிறீர்கள். கேட்கிற தம்பிக்குச் சில விஷயங்கள். விற்கிறவரிடம் நேரம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். போனதும் பானட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் கம்ப்ரஷன் தெரியும். ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். விட்டு விட்டுப் புகை தள்ளினால் ரிங் போய்விட்டது. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பேச்சே வேண்டாம்.

அப்புறம் ரோட்டவேட்டரைத் தூக்கி எஞ்சினை நிறுத்துங்கள். விற்கிறவரோடு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. பின்னால் கருவியைச் சுற்ற வைக்கிற பிடிஓ ஷாஃப்ட்டின் பல்லை நகத்தால் தடவுங்கள். ஒரு பக்கம் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் அந்த வண்டி ரோட்டவேட்டரிலேயே காலம் கழித்திருக்கிறது, மீட்டர் எத்தனை மணி காட்டினாலும் நம்ப வேண்டாம். கேபிளைக் கழற்றிவிட்டால் மீட்டர் நின்றுபோகும். கிளட்ச் பெடலின் தேய்மானத்தை எவராலும் மறைக்க முடியாது.

வேலந்தாவளம்:
எஞ்சினுக்கு முன்னால் பேப்பரைப் பாருங்கள். 2008 மாடல் என்றால் பதிவின் 15 வருஷம் 2023-லேயே முடிந்துவிட்டது. புதுப்பித்திருக்கிறாரா? ஆர்சி என்கிற பதிவுச் சான்றின் காலம் முடிந்த வண்டி ரோட்டில் ஏறவே கூடாது, ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது. புதுப்பிக்க வேண்டுமென்றால் வண்டியைப் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் ஆர்டிஓ ஆபீசில் காட்ட வேண்டும். அங்கே வரி பாக்கியில்லை என்று ஆன பிறகு 28-ஆம் படிவத்தில் என்ஓசி என்கிற தடையின்மைச் சான்று, பெயர் மாற்றத்துக்கு 29-உம் 30-உம், பொள்ளாச்சியில் புது நம்பருக்கு 27-ஆம் படிவம். கடன் போட்டு வாங்கின வண்டியென்றால் 35-ஆம் படிவத்தில் கடன் நீக்கமும் வேண்டும். வேறு மாநில நம்பரோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. எல்லையில் இருக்கிற நமக்குக் கண்ணெதிரே இருக்கிற ஊர்தான், ஆனாலும் சட்டத்துக்கு அது வேறு மாநிலம். ஒன்று அறுபது என்பது கையில் கொடுக்கிற பணம் மட்டும்தான் தம்பி.

மீனாட்சிபுரம் பட்டறை:
தோப்பை விட்டு வெளியே போகாத வண்டிக்கு இத்தனை பேப்பர் எதற்கு?

வேலந்தாவளம்:
அண்ணா, கொழிஞ்சாம்பாறையிலிருந்து அது தோப்புக்கு எப்படி வரும்? லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தாலும் டீசலுக்கும் பழுதுக்கும் வெளியே போகாமல் இருக்குமா? பக்கத்துத் தோட்டத்துக்குப் போக ரோட்டைக் குறுக்கே கடக்கும்போது ஒரு டூவீலர்காரர் வந்து மோதினால், மருத்துவச் செலவும் வழக்கும் இவர்கள் தலையில் விழும். ஆயுசு முழுக்கச் சம்பாதித்த நாலு ஏக்கரை அந்த ஒரு பேப்பருக்காகப் பணயம் வைக்கச் சொல்லாதீர்கள்.

வேட்டைக்காரன்புதூர்:
இதையேதான் நானும் சொல்ல வந்தேன். 2019 வண்டிக்குப் பதிவு 2034 வரை இருக்கிறது. ஆனால் தம்பி, மூன்று எழுபது அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியும் இறங்கித்தானே ஆக வேண்டும்? ஆனைமலைக்காரர் பழைய ஷோரூம் விலையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார். ஷோரூமில் இன்றைய விலையை எழுதி வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள், முப்பதாயிரமாவது குறையும். ஸ்பேருக்கும் டயருக்கும்கூட வரி குறைந்திருக்கிறது, அதனால் பழுது பார்க்கிற செலவைப் பட்டறை அண்ணா பூதாகரமாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

முதலமடை மாந்தோப்பு:
வாடல் நோயில் மரம் வெட்ட வேண்டிவந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசியுங்கள். எங்கள் பக்கம் அடிமரம் இழுக்க, மட்டை ஏற்றிய டிரெய்லர் இழுக்க என்று மினி வண்டிக்கு உழவு தவிர்த்த வேலைதான் இப்போது அதிகம். 18 எச்பி வண்டியில் அந்த வேலையைச் செய்தால் கிளட்ச்தான் பதில் சொல்லும்.

கோபாலபுரம் தோப்பு:
எல்லோருக்கும் நன்றி. இன்று கொழிஞ்சாம்பாறைக்காரரைக் கேட்டேன். ஆர்சி புதுப்பிக்கவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். வேண்டுமானால் பத்தாயிரம் குறைப்பாராம். அப்பாவிடம் 15 வருஷக் கணக்கைச் சொன்னேன், அவரும் அந்த வண்டி வேண்டாம் என்கிறார். ஆனால் பழைய வண்டி என்ற எண்ணத்தை அவர் விடவில்லை.

மீனாட்சிபுரம் பட்டறை:
விட வேண்டியதும் இல்லை. அந்த வண்டியை விடுங்கள், அந்த மாடலை விடாதீர்கள். 2013, 2014-இல் பொள்ளாச்சியில் பதிவான டிஎன்-41 வண்டிகள் உடுமலை, கிணத்துக்கடவு பக்கம் வருகின்றன. என்ஓசி அலைச்சல் இல்லை. பதிவு இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருக்கும், அப்புறம் பொள்ளாச்சியிலேயே புதுப்பித்துக் கொள்ளலாம். இரண்டு லட்சத்துக்குள் முடியும். அஞ்சு வருஷம் ஓட்டிவிட்டு விற்றாலும் பெரிய நஷ்டம் வராது. ஜீவோவை இன்று மூன்று நாற்பதுக்கு வாங்கினால் அஞ்சு வருஷம் கழித்து என்ன கிடைக்கும் என்று வேட்டைக்காரன்புதூர்க்காரரைச் சொல்லச் சொல்லுங்கள்.

வேட்டைக்காரன்புதூர்:
விற்கிற விலைக்காகவா வண்டி வாங்குகிறோம்? மழைக்கு மறுநாள் தோப்பில் இறங்க முடியாமல் காத்துக்கிடக்கிற ஒவ்வொரு முறையும் பயிர் வாங்குகிற அடிக்கு விலை உண்டு அண்ணா. தம்பி, ஆனைமலை வண்டியை முதலில் பாருங்கள். முன் ஹப், நாலு டயரிலும் எழுதியிருக்கிற அளவு, லீவர் போடும்போது வருகிற சத்தம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் முன்பணம் கொடுத்துவிடுங்கள்.

மீனாட்சிபுரம் பட்டறை:
ஹப்பை வெளியே துடைத்துவிட்டுக் காட்டுவார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். முன் ஆக்சிலில் ஆயில் டிரெயின் போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடிக்கச் சொல்லுங்கள். வெளுத்திருக்கிறதா, இரும்புத் தூள் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சம்மதிக்காவிட்டால் விலை பேசவே வேண்டாம். ஞாயிறு காலை ஆனைமலைக்கு நானே வருகிறேன், ஆறு மணிக்குப் போனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும். வண்டி சுத்தமாக இருந்தால் சுத்தமாக இருக்கிறது என்றே சொல்வேன். ஆனால் மூன்று இருபதுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க விடமாட்டேன்.

கோபாலபுரம் தோப்பு:
வாருங்கள் அண்ணா. அப்பாவையும் அழைத்து வருகிறேன். அன்றைக்கே கிணத்துக்கடவு வண்டியையும் பார்த்துவிடலாம், அந்த ஆளின் நம்பரை எனக்குத் தனியாக அனுப்புங்கள்.