ஒரே கைத்துப்பாக்கி, இரண்டு பயன்: உடன் எடுத்துச் செல்லவும் வீட்டுக் காவலுக்கும் எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

முதன்முறையாக அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்க இருக்கிறேன். உரிமம் கைக்கு வந்துவிட்டது. அடிப்படைப் பயிற்சியும் முடிந்தது. பகலில் சட்டைக்கு அடியில் இடுப்பில் வைத்துக்கொள்ளவும், இரவில் வீட்டுக் காவலுக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று நினைக்கிறேன். இரண்டைப் பழகிப் பராமரிக்க எனக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. நான் வீட்டில் இல்லாத வேளையில் என் மனைவியும் அதைக் கையாள வேண்டியிருக்கும். அவரும் உரிமம் பெற்று என்னோடு பயிற்சிக்கு வந்தவர்தான்.

இதுவரை படித்ததில் மனம் சிக் சாவர் பி365 போன்ற மிகச் சிறிய 9 மி.மீ. துப்பாக்கியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனால் பயிற்சியின்போது ஸ்லைடை, அதாவது குழலின் மேல் முன்பின்னாக நகரும் உலோகப் பகுதியை, பின்னுக்கு இழுப்பதே மனைவிக்குப் பெரும்பாடாக இருந்தது. 9 மி.மீ.யைவிட வலுக்குறைந்த .380 தோட்டாவுக்குப் போனால் அது எளிதாகும் என்கிறார் ஒருவர்; அதைவிடப் பெரிய .45 தோட்டாவுக்குக் குறைந்த எதையும் நம்பாதே என்கிறார் மற்றொருவர். வெளிப்புறச் சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) வேண்டுமா என்பதிலும் ஆளுக்கொரு கருத்து. எதை முதலில் முடிவு செய்வது, எதைப் பிறகு பார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

தோட்டாவின் அளவைப் பற்றிய வாதத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள்; அதில் காலம் கழியுமே தவிர முடிவு வராது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் முகவர்கள் இருவரைப் பறிகொடுத்த அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., 9 மி.மீ. குண்டு போதிய ஆழம் செல்லவில்லை என்று கருதி 10 மி.மீ. தோட்டாவுக்கு மாறியது, அதன் உதை பலருக்கு ஒத்துவராததால் 1990-இல் அறிமுகமான .40 தோட்டாவைப் பிறகு கைக்கொண்டது. அதே அமைப்பு 2010-களில் மீண்டும் 9 மி.மீ.க்கே திரும்பியது. இடைப்பட்ட காலத்தில், உடலில் பட்டதும் விரியும் குழிமுனைக் குண்டுகள் அவ்வளவு மேம்பட்டிருந்தன: உடல் தசைக்குப் பதிலாகச் சுட்டுப் பார்க்கும் சோதனை ஜெலட்டினில் அந்த அமைப்பு எதிர்பார்க்கும் 12 முதல் 18 அங்குல ஆழத்தை நல்ல 9 மி.மீ. தோட்டாவே எட்டிவிடுகிறது, உதை குறைவாக இருப்பதால் சுடுபவரும் விரைவாகவும் துல்லியமாகவும் சுடுகிறார். எனவே உங்கள் இருவருக்கும் 9 மி.மீ. போதும் என்று வைத்துக்கொண்டு, முடிவு செய்யவேண்டிய உண்மையான கேள்விக்கு, அதாவது துப்பாக்கியின் உடல் அளவுக்கு வருவோம்.

நீங்கள் குறிப்பிடும் பி365 வெறும் நிலையில் ஏறத்தாழ 500 கிராம். குழல் 79 மி.மீ. கிளாக் 19, தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இல்லாமல், சுமார் 600 கிராம். குழல் 102 மி.மீ., மேகசினில் 15 தோட்டாக்கள். பெரெட்டா 92 ஒரு கிலோவை நெருங்கும். மூன்றிலும் வெளியேறுவது ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ள அதே குண்டுதான். ஆகவே எடை குறையக் குறைய அந்த உதை முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்கு வந்து சேரும். கைப்பிடி குட்டையாக இருந்தால் சிறுவிரல் கீழே பிடிமானமில்லாமல் தொங்கும். முன், பின் குறிகளுக்கு இடையிலான தூரமும் சுருங்குவதால் சிறு கோணப் பிழைகூட இலக்கில் பெரிதாகத் தெரியும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் ஸ்லைடு முழுமையாகப் பின்னோக்கிப் போகாமல், காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. இலேசான துப்பாக்கிகளில் இது கூடுதலாக நிகழ்கிறது. சிறியது என்றால் பழகுவதற்கும் எளிது என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பு, உண்மையோ நேர்மாறானது. மிகச் சிறிய துப்பாக்கி, நன்றாகச் சுடத் தெரிந்தவருக்கு உரிய கருவி.

மறைப்பதில் சிரமம் தருவது கைப்பிடியே, குழல் அன்று. குழல் எவ்வளவு நீண்டாலும் இடுப்புப் பட்டைக்குக் கீழே மறைந்துவிடும். சட்டையைக் குத்திக்கொண்டு வெளியே துருத்துவது கைப்பிடியின் அடிப்பகுதி. உடல்வாகு இடம் கொடுத்தால் கிளாக் 19 அளவிலும், இல்லையென்றால் அதைவிடத் தட்டையாக இருந்தும் முழுக்கைக்குப் பிடி கொடுக்கும் கிளாக் 43எக்ஸ் போன்ற அளவிலும் தேடுங்கள். ஒரே துப்பாக்கி இரண்டு வேலைக்கும் என்றால் சமரசம் செய்தே ஆகவேண்டும். அந்தச் சமரசத்தைப் பிடியில் செய்யாதீர்கள் என்பதே என் கருத்து.

மறுமொழி 2

ஸ்லைடு இழுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மூட்டுவலியோடு பல ஆண்டுகளாகச் சுடுகிறவள் என்பதால் இது எனக்கு அன்றாடப் பிரச்சினை.

.380 என்றால் இலகு என்பது பாதி உண்மை. வால்தர் பிபிகே போன்ற பழைய அமைப்புகளில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை; தோட்டாவின் அழுத்தத்தை ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் வலுவுமே தாங்கவேண்டும். அதனால் அந்த ஸ்பிரிங்குகள் நல்ல 9 மி.மீ. துப்பாக்கியைவிடக் கடினமாகவே இருக்கக்கூடும். பூட்டும் அமைப்புள்ள துப்பாக்கிகளிலும், ஸ்லைடு சிறியதாகவும் இலேசாகவும் ஆனால் ஸ்பிரிங்கை வலுவாக்கியாக வேண்டும். பெரிய பெரெட்டா 92 துப்பாக்கியின் ஸ்லைடு என் கைக்கு வழுக்கிக்கொண்டு வருகிறது. அதில் பாதி எடையுள்ளவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இதற்கென்றே வடிவமைக்கப்பட்டதும் உண்டு: ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி ஷீல்டு ஈஸி. 2018-இல் .380-க்கும் பின்னர் 9 மி.மீ.க்கும் வந்தது. சுடும் ஊசியை அடிக்கும் சிறு சுத்தியலை உள்ளே வைத்து, ஸ்பிரிங்கை இலேசாக்கியிருக்கிறார்கள். மேகசினில் எட்டுத் தோட்டாக்கள்தான். ஆனால் தோட்டா நிரப்பும்போது பெருவிரலால் கீழே அழுத்த ஒரு குமிழ் இருப்பதால் விரல் நகமும் தப்பிக்கிறது.

ஆனால் துப்பாக்கியை மாற்றுவதற்கு முன் முறையை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ஆள்காட்டி விரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் ஸ்லைடின் பின்முனையைக் கிள்ளிப் பிடித்து, கையை நீட்டியபடி இழுக்கிறார்கள். அப்படி இழுத்தால் யாருக்கும் கடினம்தான். துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, இடக்கையின் உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் துப்பாக்கியின் உடலை முன்னோக்கித் தள்ளவேண்டும். இழுப்பதைவிடத் தள்ளுவதில் தோள், மார்புத் தசைகள் உதவிக்கு வருகின்றன. முழுதும் பின்னால் வந்ததும் சட்டென்று விட்டுவிடவேண்டும். மெல்லக் கூடவே கையைக் கொண்டுபோனால் தோட்டா, குழலின் பின்முனையிலுள்ள அதற்கான அறையில் சரியாக அமராது. சுத்தியல் வெளியே தெரியும் துப்பாக்கி என்றால், முதலில் சுத்தியலைப் பின்னுக்கு ஏற்றிவிட்டு ஸ்லைடை இழுத்தால் பாரம் கணிசமாகக் குறையும். இவை அனைத்தின்போதும் குழல் முனை பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும். துப்பாக்கியை மார்பருகே கொண்டுவரும்போது பலர் அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பக்கத்தில் நிற்பவரைக் குறிவைத்துவிடுகிறார்கள்.

மறுமொழி 3

சேஃப்டி பற்றி. சுத்தியல் இல்லாமல், ஸ்பிரிங் தள்ளும் ஊசியால் சுடும் ஸ்ட்ரைக்கர் வகையில், உதாரணமாகக் கிளாக்கில், கையால் நகர்த்தும் சேஃப்டி கிடையாது. விசையின் முகத்திலுள்ள சிறு நாக்கும் உள்ளே இருக்கும் இரண்டு தடுப்புகளும் மட்டுமே. விசையை முறையாக அழுத்தினால் சுடும், அழுத்தாவிட்டால் சுடாது. ஒவ்வொரு முறையும் விசையின் கனம் ஒன்றுதான். பெரெட்டா 92 போன்ற சுத்தியல் வகையில் முதல் அழுத்தம் நீளமாகவும் கனமாகவும், அடுத்தவை குறுகலாகவும் இலேசாகவும் இருக்கும். அந்த முதல் அழுத்தமே ஒருவிதக் காவல் என்பார்கள், இரண்டு வேறு அழுத்தங்களைப் பழகவேண்டிய சுமையும் அதோடு வரும். 1911 என்னும் மாதிரி வகையிலோ சுத்தியல் ஏறிய நிலையில் சேஃப்டி போட்டு எடுத்துச் செல்வது வழக்கம். உருவும் ஒவ்வொரு முறையும் பெருவிரல் அதைக் கீழே தட்டியாக வேண்டும். மூன்றும் நல்லவையே. நீங்களும் உங்கள் துணைவியாரும் ஒரே துப்பாக்கியைப் பகிர்ந்துகொள்ளப் போவதால், இருவரில் குறைவாகப் பயிற்சி செய்பவருக்கு எது குழப்பமில்லாதது என்று பாருங்கள். பெரும்பாலும் அது சேஃப்டி இல்லாத எளிய அமைப்பாகவே முடியும்.

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கியைச் செருகி வைக்கும் உறை. தற்செயலாகச் சுடப்படும் நிகழ்வுகள் பல, துப்பாக்கியை உருவும்போது அல்ல, திரும்பச் செருகும்போது நேர்கின்றன. சட்டையின் நுனியோ, மேலாடையில் தொங்கும் கயிற்று முடிச்சோ விசைக் காப்புக்குள் புகுந்துவிடும். கை மேலும் அழுத்தும். கயிறு விரலின் வேலையைச் செய்துவிடும். விசையை முழுவதும் மூடும், துப்பாக்கியை எடுத்த பின்னும் வாய் சுருங்காத கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் போன்றவற்றாலான கெட்டியான ஹோல்ஸ்டரையே வாங்குங்கள். செருகும்போது நிதானமாக, ஆடையை மறுகையால் விலக்கி, கண்ணால் பார்த்துச் செருகுங்கள். விரைவாகச் செருகியதற்கு யாரும் பரிசு தருவதில்லை.

முதல் மறுமொழியாளரோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். கனமாக இருக்கிறது என்று மேசையிலேயே விட்டுச் செல்லப்படும் துப்பாக்கியால் பயனில்லை. இரண்டு அளவுகளையும் இடுப்பில் வைத்து உட்கார்ந்து, குனிந்து, வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எதை எடுத்தாலும் உடன் வைத்துக்கொள்ளும் அதே குழிமுனைத் தோட்டாவில் இருநூறாவது சிக்கலின்றிச் சுட்ட பிறகே அதை நம்புங்கள். பயிற்சித் தோட்டா சீராக ஓடியது என்பதால் மற்றதும் ஓடும் என்று பொருளில்லை.

கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. மூன்று அளவுகளையும் இருவரும் சுட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பள்ளி செல்லும் பிள்ளை பக்கத்து அறையில் உறங்குகிறான். குழிமுனைக் குண்டு சுவரைத் துளைக்காது என்பது உண்மையா? வீட்டில் வைக்கும்போது துப்பாக்கியின் அறையில் தோட்டா இருக்கலாமா, அல்லது மேகசினை மட்டும் மாட்டி அறையைக் காலியாக வைக்கலாமா?

மறுமொழி 4

உண்மையில்லை. மனித உடலில் 12 அங்குலம் செல்லவேண்டிய எந்தக் குண்டும், மெல்லிய பலகை வைத்து எழுப்பிய உட்சுவர்களை ஒன்றுக்கு மேற்பட்டதாகவே கடந்துவிடும். குழிமுனைக் குண்டின் வாயில் பலகைத் துகள் அடைத்துக்கொண்டால் அது விரியாமலேகூடப் போகும். முழு உலோக உறைக் குண்டைவிட, உடலைத் துளைத்து மறுபுறம் வெளிவரும் வாய்ப்பு அதில் குறைவு என்பதுதான் அதன் சிறப்பு. குறி தவறிய குண்டுக்கு அது பொருந்தாது. ஆகவே இதற்கான விடையைத் தோட்டாவில் தேடாமல் வீட்டின் அமைப்பில் தேடுங்கள். பிள்ளையின் அறை உங்கள் பின்பக்கம் வரும்படி எங்கே நின்றுகொள்வது, எந்தத் திசையில் ஒருபோதும் சுடக்கூடாது என்பதைப் பகலிலேயே இருவரும் நடந்து பார்த்துத் தீர்மானியுங்கள். இருட்டில் அறை அறையாகத் தேடிப் போகாதீர்கள். மூவரும் ஓரறையில் கூடி, கதவைத் தாழிட்டு, காவல்துறையை அழைத்துவிட்டுக் காத்திருங்கள். தனியாக ஒரு டார்ச் விளக்கும் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியில் பொருத்தும் விளக்கு நல்லதுதான், ஆனால் அதைத் திருப்பும் இடமெல்லாம் குழலும் திரும்பும். தண்ணீர் குடிக்க எழுந்த பிள்ளையை அடையாளம் காண அதைப் பயன்படுத்தலாகாது.

இரண்டாவது கேள்விக்கு: எந்த நிலையாக இருந்தாலும் அது பூட்டிய பெட்டிக்குள்தான். தலையணை அடியோ, அலமாரியின் மேல்தட்டோ பிள்ளையுள்ள வீட்டில் ஒளிவிடம் ஆகாது. இருட்டிலும் விரல்களால் தடவித் திறக்கக்கூடிய, பொத்தான் வைத்த உறுதியான பெட்டியைச் சுவரிலோ கட்டிலின் சட்டத்திலோ திருகி இறுக்குங்கள். பகல் முழுவதும் அறையில் தோட்டாவோடு எடுத்துச் செல்பவர், வீடு திரும்பியதும் ஹோல்ஸ்டரோடு அப்படியே கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதே நல்லது என்பேன். தினமும் தோட்டாவை வெளியே எடுத்து மீண்டும் ஏற்றும்போது இரண்டு தீமைகள் வருகின்றன. கையாளும் தடவைகள் கூடக்கூடப் பிழைக்கான வாய்ப்பும் கூடுகிறது. அத்துடன், ஒரே தோட்டா மீண்டும் மீண்டும் அறையில் மோதுவதால் குண்டு உறைக்குள் மெல்ல அமிழ்ந்து, சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். புதிய தோட்டாவின் அருகில் வைத்து நீளத்தை ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும், அப்படிச் சுருங்கியதை ஒதுக்கிவிடவேண்டும்.

காலி அறையோடு வைப்பதை விரும்பினால் அதில் தவறில்லை, சில இடங்களில் சட்டமே அப்படிக் கோரும். அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், நள்ளிரவில் உங்கள் மனைவி தனியாக ஸ்லைடை முழுதும் இழுத்தாக வேண்டும். மூன்று அளவுகளையும் சுட்டுப் பார்க்கும் நாளில், களைத்த கையோடு கடைசியாக ஒருமுறை அவரையே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது அவரால் இழுக்க முடியாததை விலக்கிவிட்டு, மிச்சமிருப்பதில் உங்கள் இடுப்புக்கு ஒத்துவருவதை வாங்குங்கள்.