பல வருடம் கழித்து மௌண்டன் பைக் வாங்கப் போனபோது

திரும்பவும் ஓட்ட ஆசைப்பட்டு, எதை வாங்குவது என்று குழம்பி நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். 90களின் கடைசியில் சிங்கப்பூர் புக்கிட் தீமா பாதையில் 26 அங்குலச் சக்கரமும், ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கும் உள்ள சைக்கிளில் சுற்றினவன் நான். அப்புறம் வேலை, பிள்ளைகள் என்று விட்டுப்போனது. போன வருடம் கடைக்குப் போனால் எனக்குப் பழக்கமான மாதிரி ஒன்றுகூட இல்லை.

சக்கரம் 29 அங்குலம், பிரேக் எல்லாம் ஹைட்ராலிக் டிஸ்க். முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்த இடத்தில் ஒன்றுதான். பின்னால் 12, அதில் பெரியதற்கு 51 பல், சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கிறது. ஏற்றத்துக்கு அது தாராளமாகப் போதும். கடைக்காரர்கள் இந்த கியரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். நீங்கள் ஃபிரேமின் அளவு அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், உண்மையான மாற்றம் அங்கேதான் நடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஹெட் ஆங்கிள், அதாவது ஃபிரேமின் முன்குழாய் தரையோடு சாய்ந்து நிற்கும் கோணம், 71 டிகிரி, இப்போது காட்டுப்பாதைக்கான டிரெயில் பைக்குகளில் 65, 66. முன்சக்கரம் நன்றாக முன்னே தள்ளி நிற்பதால் செங்குத்தான இறக்கத்தில் குப்புறக் கவிழும் பயம் பெரிதும் குறைந்துவிட்டது. ஹேண்டில்பாரும் 580 மில்லிமீட்டரிலிருந்து 780 வரை அகலமாகிவிட்டது.

வாங்குவதற்கு முன் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் அதிர்வுதாங்கி உள்ளது) ஒன்று, ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் உள்ளது) ஒன்று என வாடகைக்கு எடுத்து செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவில் ஓட்டினேன். மழை விட்ட நேரம், சிவப்பு மண் வழுக்குகிறது, பாதைக்குக் குறுக்கே சாய்வாக மர வேர்கள். பழைய சைக்கிளில் இப்படி ஒரு இடம் வந்தால் உடம்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளிவிடுவோம். புதியதில் அப்படிச் செய்தால் முன்டயரில் பாரம் இல்லாமல் அது விலகிப் போகிறது. கூட வந்த தம்பி ஒருவர், "நெஞ்சை இறக்குங்க அண்ணே, முழங்கையை வெளியே விரிங்க" என்றார். இடது கட்டைவிரலால் லீவரை அழுத்தியதும் சீட் சட்டென்று கீழே போனது, அவர் சொன்னபடி குனிந்தேன், டயர் வேரைக் கவ்விக்கொண்டு ஏறி இறங்கியது. இந்த டிராப்பர் சீட் இல்லாத பைக்கைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

கடைசியில் ஹார்ட்டெயில்தான் எடுத்தேன். இங்குள்ள ஈரக்காற்றில் ஃபுல் சஸ்பென்ஷனின் பேரிங்குகளைப் பராமரிக்கத் தனியாகச் செலவாகும். சாங்கி பாயிண்டில் பம்போட் என்ற சிறு மோட்டார் படகில் ஏறி உபின் தீவின் கெத்தாம் பாதைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு அது நியாயமான செலவு, எனக்கு அவ்வளவு தேவையில்லை. மிச்சமான பணத்தை டயரில் போட்டேன்: 2.4 அங்குல அகலம், உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ். 75 கிலோ எடைக்குக் காற்றழுத்தம் முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் 25. முன்பெல்லாம் 40 அடித்துக்கொண்டு ஒவ்வொரு வேரிலும் துள்ளிக்கொண்டு போவோம். ஒரு விஷயம், ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் இந்த வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் கிடக்கும் பழைய சக்கரத்தைப் புதியதில் மாட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அப்போது பின் ஆக்ஸில் 135 மில்லிமீட்டர், இப்போது பெரும்பாலும் 148. உயரம் 170-175 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எம், எல் இரண்டு சைஸிலும் உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாமல் சற்று தூரமாவது நின்றுகொண்டே ஓட்டிப் பாருங்கள். நான் 172, எம் எடுத்தேன். புக்கிட் தீமாவின் குறுகலான வளைவுகளுக்கு அது வசதியாக இருக்கிறது.